எட்டங்குலத்தில் ஒரு கடிதம்

"ஏப்பா கிட்டு, டிரைவு பெல்ட்டு வியாழக்கிழமை வந்துரும்னியே? இன்னைக்கு வெள்ளி."

"நானுங்களா? நா எப்பங்கண்ணா சொன்னேன்?"

"திங்கக்கிழமை பேசறப்ப. வியாழக்கிழமை கட்டாயம்னு அடிச்சுச் சொன்னே."

மறுமுனையில் கிட்டுசாமி சிரித்தான். "அட, அன்னைக்கு நா பாலத்துக்கடியில போயிட்டனுங்கண்ணா. பாதிப் பேச்சு காதுலயே உழுவல. நிரப்பி சொல்லியிருக்கும்."

"உன்ற கொரல்தான் இருந்துச்சு. என்ற மூட்டுவலியக்கூட விசாரிச்சுது."

"அதுலயே கண்டுபிடிச்சிருக்க வேண்டாமுங்களா? நா என்னைக்கு அதெல்லாம் விசாரிச்சிருக்கேன்? சரி உடுங்க, நிரப்பி வாக்குக் குடுத்தா குடுத்ததுதான். மத்தியானத்துக்குள்ள திருப்பூர்ல இருந்து வந்துருமுங்க."

சென்னியப்பன் போனை வைத்துவிட்டுத் தன் பட்டறையின் சன்னலைத் திறந்தார். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. கோயமுத்தூரில் மட்டுமல்ல, உலகம் முழுக்கவே இப்போது அப்படித்தான். பேச்சு நடுவில் அறுந்தால் நிரப்பி அதைப் பேசி முடித்துவிடும். கடிதத்தில் மை கரைந்திருந்தால் எழுதி முடித்துவிடும். கல்யாணப் படத்தில் முகம் மங்கியிருந்தால் வரைந்து முடித்துவிடும். எது இருந்தது, எது நிரப்பியது என்று அடையாளம் எதுவும் வைக்காது. தையல் தெரியாமல் தைப்பதுதான் அதன் பெருமை. நிறைவுச் சட்டம் வந்து முப்பத்தோரு வருடமாகிறது. எந்தக் கருவி எதைப் படித்தாலும் அதற்குள் நிறைவுச் சில்லு ஒன்று முத்திரையிடப்பட்டு இருந்தாக வேண்டும். ஓட்டையைக் கண்டால் அடைக்க வேண்டும். படித்த பொருளிலேயே எழுத முடியுமானால், அதிலேயே எழுதிச் செப்பனிட்டுவிட வேண்டும்.

ஒரே ஒரு விலக்கு உண்டு. எழுத முடியாதபடி பூட்டப்பட்ட பழைய பொருளை, ஓட்டை ஓட்டையாகவே திரையில் காட்டலாம். பழங்கணினி சேகரிப்பவர்கள் பத்து வருடம் வழக்காடி வாங்கிய சலுகை அது. அதை நம்பித்தான் சென்னியப்பனின் பட்டறை நடந்தது.

சுவர் முழுக்க அலமாரிகள், அவற்றில் பழங்கணினிகளின் ஃப்ளாப்பி வட்டுகள். கெட்டி உறை போட்ட மூன்றங்குல வட்டுகள் ஒரு தட்டில். இன்னொன்றில், இசைத்தட்டு மாதிரி ஒரே சுருள் தடம் ஓடுகிற சின்ன வட்டுகள். அவற்றில் நடுவிலிருந்து எதையும் எடுக்க முடியாது, ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஒரே மூச்சில்தான் படிக்க வேண்டும். நடுவைச் சுற்றிப் பத்துத் துளை குத்திய வட்டுகள் தனியாக. மற்றதெல்லாம் ஐந்தேகால் அங்குலம். ஐந்தேகால்தான் சென்னியப்பனின் உயிர். நாலாயிரத்துக்கு மேல் இருந்தன. தூக்கத்தில் எழுப்பினாலும் உறையைத் தடவிப் பார்த்தே, பூட்டியிருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவார்.

எட்டங்குலம் மட்டும் அவர் மகள் வெயினியின் ராஜ்ஜியம். முறம் மாதிரி அகலமான அந்த வட்டுகளையும், துணி துவைக்கிற எந்திரம் மாதிரி இரைகிற அந்த டிரைவையும் அவர் தொட்டால் கையைத் தட்டிவிடுவாள். "உங்களுக்கு இது சரிப்படாதுப்பா. இதுல எல்லாமே தலைகீழு" என்பாள். அந்தப் பழைய எந்திரத்துக்குத் தமிழ் எழுத்தைக் கற்றுக்கொடுத்ததும் அவள்தான். "நாம எழுதறத நாமளே எழுதறதுக்கு இது ஒண்ணுதான் மிச்சமிருக்குது" என்று சொல்லிக்கொண்டு, நாட்குறிப்பையெல்லாம் அதில்தான் தட்டுவாள்.

அவள் போய் ஒன்பது மாதமாகிறது. மூளைக்காய்ச்சல். நாலே நாள்.

போன மாதம் அவள் தங்கியிருந்த அறையைக் காலி செய்யச் சொன்னார்கள். பரணில் ஒழுகின கூரைக்கு நேர் கீழே ஒரு தகரப் பெட்டி இருந்தது. அதற்குள் ஒரே ஒரு எட்டங்குல வட்டு. மேலே ஒட்டிய சீட்டில் அவள் கையெழுத்தில் "அம்மாவுக்கு" என்று மட்டும் எழுதியிருந்தது.

*

வெயினியின் அம்மா தெய்வாத்தாள் மறுநாள் காலை ஈரோட்டிலிருந்து வந்து இறங்கினாள். சென்னியப்பனைப் பிரிந்த பிறகு இந்தப் பட்டறையில் அவள் கால் வைக்கவில்லை, ஆறு வருடம் இருக்கும். வாசலில் செருப்பைக் கழற்றியபடி ஏற இறங்கப் பார்த்தாள்.

"அலமாரி ரெண்டு கூடியிருக்குதாட்ட இருக்குது."

"மூணு. உக்காரு புள்ள. காப்பி குடிக்கிறியா?"

"போன்ல பேசுனது நீங்கதானுங்களா?"

"நாந்தான்."

"அதுவும் அப்படித்தான் சொல்லும்" என்றபடி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "எங்கீங்க அது?"

சென்னியப்பன் வட்டைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தார். அவள் சீட்டின் மேலிருந்த எழுத்தை விரலால் தடவவில்லை, அழவும் இல்லை. இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"இத்தச்சோடு பெருசா இருக்குது."

"உள்ள புடிக்கறது ஒரு சின்னப் புஸ்தகம்கூடத் தேறாது. அந்தக் காலத்துச் சாமான். பூஞ்சை புடிச்சிருந்துச்சு. உறையக் கீறி, சுத்தத்தண்ணியில கழுவி, அஞ்சு நாள் காய வெச்சுப் புது உறை... இல்ல, உறை அதேதான், திருப்பி ஒட்டினேன். எல்லாம் வராது தெய்வா. அங்கங்க புள்ளி புள்ளியாத்தான் வரும். ஒரே ஒருக்கா படிக்கலாம், அதுக்குமேல தாங்குமான்னு தெரியல."

"புள்ளி இருந்தா இருக்கட்டும். எனக்கு அதுதான் வேணும்."

அவள் எதற்காக வந்திருக்கிறாள் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் அவளே சொன்னாள். சொல்லி ஆற்றிக்கொள்ள வேண்டியிருந்தது போல.

"காலையில ஏழு மணிக்கு டாண்ணு கூப்புடுதுங்க. 'அம்மா, சாப்பிட்டியா'ங்குது. அவளேதான். இருமறதுகூட அவளாட்டவே. பதினாறாம் நாளுக்கு மறுநாளு அது மொத மொதல்ல வந்தப்ப, போனக் கீழ உட்டுப்போட்டனுங்க."

அதுவும் சட்டம்தான். செத்தவர்களும் ஓர் இடைவெளி என்று எவனோ ஒரு அதிகாரி எழுதி வைத்திருந்தான். அவர்கள் பேசியது, அனுப்பியது, நடந்தது என்று கம்பி வழியாகப் போன எல்லாவற்றையும் வைத்து, பதினாறு முடிந்ததும் நிரப்பி அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். சென்னியப்பன் தன் வீட்டுக்கு வந்த அழைப்பை எடுக்கவே இல்லை. தெய்வாத்தாளால் எடுக்காமல் இருக்க முடியவில்லை.

"ஒரு நாளு கேட்டுப்போட்டனுங்க. 'சாமி, உனக்கு என்மேல கோவமா'ன்னு. 'இல்லம்மா, துளியும் இல்ல'ன்னுச்சு. எனக்குச் சமாதானமாகல. 'பொய் சொல்றே, கோவம்தான்னு சொல்லு'ன்னேன். 'ஆமாம்மா, கோவம்தான்'னுச்சு." அவள் சிரித்தாள், சிரிப்பு பாதியில் நின்றது. "எது கேட்டாலும் குடுக்குது. அதுகிட்ட என்னத்தக் கேக்கறது?"

அவள் கேட்ட கோபத்துக்குக் காரணம், வெயினி நிரப்பியை நடத்துகிற நிலையத்து வேலையை உதறிவிட்டு அப்பாவின் பட்டறைக்கு வந்த அன்று நடந்த சண்டை. "படிச்ச படிப்புக்குத் துரு தேய்க்கப் போறியா? உங்கப்பனோட சேந்து பழைய இரும்பக் கட்டிட்டு அழு" என்று இவள் சொல்ல, "உன்ற ஊட்டு வாசப்படி இனி மிதிச்சா கேளு" என்று அவள் சொல்ல, அத்தோடு முடிந்தது. பிறகு இரண்டு வருடம். பிறகு காய்ச்சல்.

"திட்டியிருந்தாலும் பரவால்லீங்க" என்றாள் தெய்வாத்தாள். "திட்டுனது அவளா இருக்கோணும். அவ்வளவுதான். மன்னிச்சாளா இல்லியான்னு அவ வாயால தெரிஞ்சுபோட்டா, நா அந்தக் கொரல எடுக்கறத உட்டுருவேன்."

*

நேற்றைக்கு மாட்டிய புது பெல்ட் சீராகச் சுற்றியது. சென்னியப்பன் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு டிரைவின் தலையைத் துடைத்தார். வட்டை வெளிச்சத்தில் ஒருமுறை திருப்பிப் பார்த்தார்.

உறையின் ஓரத்தில் சதுரமாக ஒரு வெட்டு. திறந்து கிடந்தது.

'அடடா, மூடாம உட்டுட்டாளே' என்று நினைத்தார். ஐந்தேகாலில் அந்த வெட்டு திறந்திருந்தால் எழுதலாம். காகிதத்தை ஒட்டி மூடினால் பூட்டு. நாலாயிரம் வட்டுக்கு அவர் கையாலேயே மூடியிருக்கிறார். மேசை இழுப்பறையிலிருந்து வெள்ளிக் காகிதத்தைக் கிழித்து, வெட்டின்மேல் வைத்து, நகத்தால் இரண்டு பக்கமும் அழுத்தித் தேய்த்தார். தூங்குகிற குழந்தைக்குப் போர்த்திவிடுகிற மாதிரி.

"என்னங்க பண்றீங்க?"

"பூட்டறேன். இனி அந்தச் சனியன் இதத் தொடாது."

வட்டை உள்ளே தள்ளி மூடினார். எந்திரம் இரைந்தது. பழக்கத்தில் அவர் திரையைப் பார்க்கவில்லை; கண்ணை மூடிக் காதைக் கொடுத்தார். தலை ஒவ்வொரு தடமாக 'டக்' என்று நகர்வது கேட்டது. சில இடத்தில் நின்று, பின்னால் வந்து, மறுபடி அதே இடத்தில் ஓடியது. பூஞ்சை பிடித்த இடம், திரும்பப் படித்துப் பார்க்கிறது என்று நினைத்துக்கொண்டார். ஏழெட்டு முறை அப்படி நடந்தது. தெய்வாத்தாளும் திரையைப் பார்க்கவில்லை. கையைக் கூப்பிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

எந்திரம் ஓய்ந்தது.

"வந்துருச்சா?"

திரையில் பச்சை எழுத்தில் கடிதம் இருந்தது. தெய்வாத்தாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டத்தில் போய், உதடு அசையப் படித்தாள்.

"அம்மா, இத நீ எப்பப் படிப்பேன்னு தெரியல. அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. நீ சொன்னதும் என் நல்லதுக்குத்தான்னு இப்போ புரியுது. போன ஆடியில ஈரோட்டுக்கு வந்தேன். போனை வெச்சுட்டு வந்தேன். பின்பக்கத்துச் சன்னல்ல நின்னு பாத்தேன். நீ தரையில உக்காந்து பாவக்கா வெதையத் தனியா எடுத்து வெச்சுட்டு இருந்தே. ஒரு வெதைய வாயில போட்டு மென்னே. கூப்புடலாம்னு கையத் தூக்குனேன். உன் நிம்மதியைக் குலைக்க மனம் வரவில்லை. அதனால திரும்பிட்டேன். உன்மேல எனக்குத் துளியும் கோபம் இல்லை. நீ எப்பவும் என் உயிர், அம்மா."

அப்போதுதான் அவள் அழுதாள். வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு, உடம்பு குலுங்கக் குலுங்க. "கோவமில்லீங்க... பாருங்க, எழுதியிருக்குது பாருங்க... துளியும் இல்லையாமா..."

சென்னியப்பன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு புள்ளிகூட இல்லை. பூஞ்சை படர்ந்து, இரண்டு இடத்தில் பூச்சே உரிந்துபோயிருந்த வட்டு. அதிலிருந்து ஓர் எழுத்துகூடக் குறையாமல் கடிதம் வந்திருந்தது.

அவர் மெல்ல வட்டை வெளியே எடுத்தார். வெள்ளிக் காகிதம் அப்படியே இருந்தது. 'இதுல எல்லாமே தலைகீழுப்பா' என்பாளே வெயினி. எட்டங்குலத்தில் அந்த வெட்டு திறந்திருந்தால்தான் பூட்டு. மூடினால் எழுதலாம். அவள் மூட மறக்கவில்லை. பூட்டித்தான் வைத்திருந்தாள், ஒழுகுகிற கூரைக்கடியில் அத்தனை நாளும் அது பூட்டியேதான் கிடந்தது. இவர்தான் திறந்துவிட்டார்.

சொல்லாமல் இருந்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அவள் அழுது முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஆறு வருடத்துக்கு முன்னால் பார்த்தது மாதிரி அவரைப் பார்த்தாள்.

"காப்பி குடிக்கிறியான்னீங்களே" என்றாள்.

அந்தப் பார்வையைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"தெய்வா. நா ஒரு தப்புப் பண்ணிப்போட்டேன்."

*

அவர் சொல்லி முடித்ததும் அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தவில்லை.

"மறுக்கா படிச்சா?"

"படிச்சாலும் இதேதான் வரும். ஓட்டை இருந்த எடத்துல எழுதிப்போட்டுது. அடியில ஒண்ணுமில்ல."

"எல்லாமேவா அது எழுதுனது?"

"இல்ல. நல்லா இருக்கற எழுத்த அது தொடாது. ஓட்டைய மட்டும்தான் அடைக்கும். ஏழெட்டு எடம் இருக்கும், எனக்குச் சத்தம் கேட்டுச்சு. ஆனா எந்த எடம்னு..." அவர் கையை விரித்தார்.

"அப்ப இதுலயே அவளும் இருக்கறா."

"இருக்கறா."

"காயிதத்துல எடுத்துக் குடுங்க."

எடுத்துக் கொடுத்தார். அவள் மேசையிலிருந்த பென்சிலை எடுத்துக்கொண்டாள். சந்தையில் கீரைக்கட்டில் புல் பொறுக்குகிற பெண்ணின் முகம் வந்துவிட்டது அவளுக்கு.

"'நல்லதுக்குத்தான்னு இப்போ புரியுது.' இது அவ இல்ல. செத்தாலும் ஒத்துக்க மாட்டா." சொன்ன வார்த்தை தன் காதிலேயே விழ, ஒரு விநாடி நின்றாள். பிறகு கடிதத்தின் ஆரம்பத்திலிருந்து அதுவரை அடித்தாள்.

"எங்கிட்ட ஒத்துக்குவாளே" என்றார் அவர். "தப்புன்னு தெரிஞ்சா ஓடியாந்து சொல்லிருவா."

"எங்கிட்ட ஒருநாளும் சொன்னதில்ல."

"'நிம்மதியைக் குலைக்க மனம் வரவில்லை.' இதென்ன மேடைப்பேச்சு? அடிச்சுரு."

"அடிச்சாச்சு. 'நீ எப்பவும் என் உயிர்.' இதும் அதுதான்."

"இரு, இரு. அவ அப்படிச் சொல்லுவா. 'என் உயிரே, ஸ்க்ரூட்ரைவர் எடுங்க'ம்பா. கிண்டலுக்கு."

"என்னைய ஒருக்காக்கூட அப்படிக் கூப்பிட்டதில்லீங்க."

"கூப்பிட்டிருக்க மாட்டா. ஆனா எழுதியிருக்கலாமில்ல?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இருபத்தாறு வருடம் ஒரே பெண்ணை வளர்த்திருந்தார்கள். அவள் அப்பாவிடம் ஒருத்தியாகவும் அம்மாவிடம் இன்னொருத்தியாகவும் இருந்திருக்கிறாள். நிரப்பிக்கு இரண்டு பேரையும் தெரியும். கம்பி வழியாக எல்லாம் அதற்குப் போயிருந்தது. கடிதம் எழுதினவள் அந்த இரண்டு பேரில் எவள் என்றுதான் யாருக்கும் தெரியவில்லை.

"'துளியும் கோபம் இல்லை'..." அவள் பென்சில் அங்கே நின்றது. தினமும் ஏழு மணிக்குக் கேட்கிற அதே வார்த்தை. கண்ணை மூடிக்கொண்டு, ரத்தம் வருகிற மாதிரி, அதையும் அதற்கு அடுத்த வரியையும் அடித்தாள்.

மிச்சமிருந்தது நடுப்பகுதி. அங்கே வந்ததும் அவள் பென்சிலைக் கீழே வைத்தாள்.

"பாவக்கா வெதை."

"என்ன?"

"வெதைய எடுத்து ஒண்ணு வாயில போட்டு மெல்லுவனுங்க. சின்ன வயசுல இருந்தே. கசக்கும். ஏன்னு தெரியாது, ஒரு பழக்கம். யாரும் இல்லாதப்பத்தான். உங்களுக்குத் தெரியுமா?"

இருபத்து நாலு வருடம் சேர்ந்து வாழ்ந்தவர் தலையை ஆட்டினார். தெரியாது.

"உங்களுக்கே தெரியாது. நா யாருகிட்டயும் சொன்னதில்ல. சமையக்கட்டுல கருவியே கிடையாது, நா வெக்க உடல. அவ போனையும் வெச்சுட்டு வந்திருக்கறா." அவள் குரல் உயர்ந்தது. "இது அதுக்குத் தெரியாதுங்க! இது அவ! எம்புள்ள வந்திருக்கறா. பொறத்தால நின்னிருக்கறா. வாசப்படிய மிதிக்க மாட்டேன்னாளே, அதான் பொறத்தால..."

"ஆமா" என்றார் சென்னியப்பன். "ஆமா புள்ள. அவளேதான்."

அந்த நேரத்தில் அவள் கைப்பையில் போன் அடித்தது. ஏழு மணி அல்ல, பதினொன்றரை. புதிதாக ஏதாவது கிடைத்தால் நிரப்பி நேரம் பார்க்காது. அவள் பழக்கதோஷத்தில் எடுத்துவிட்டாள். பட்டறை முழுக்க வெயினியின் குரல் கேட்டது. சென்னியப்பன் ஒன்பது மாதமாகக் கேட்காத குரல். அவர் அலமாரியைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா, என்ன பண்றே? பாவக்கா வாங்குனியா? வெதையெல்லாம் நீயே மென்னுராத, எனக்கும் ஒண்ணு வெய்யி." அப்புறம் அந்தச் சின்ன இருமல்.

தெய்வாத்தாள் போனை அணைத்தாள். நிதானமாக அதைப் பைக்குள் வைத்து, பையின் வாயைச் சுருக்கினாள்.

"அதையும் எடுத்துக்கிச்சு" என்றாள்.

சில்லு படித்ததெல்லாம் கம்பிக்குப் போய்விடும் என்பதை அவர் அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

வெளியே யாரோ வண்டியைப் பின்னுக்கு எடுத்தார்கள். அவள் காகிதத்தை முழங்காலில் வைத்து நீவினாள். அடித்தது போக நாலைந்து வரி மிஞ்சியிருந்தது. வந்தேன். நின்னு பாத்தேன். வெதைய மென்னே. கையத் தூக்குனேன். அதற்குப் பிறகு கறுப்பாக ஓர் அடிப்பு. அப்புறம், திரும்பிட்டேன்.

"இந்த எடத்துல என்ன எழுதியிருப்பா?" அவள் விரல் அடிப்பின்மேல் இருந்தது. "கையத் தூக்கியிருக்கறா. கூப்பிடத்தான் தூக்கியிருக்கறா. அப்பறம் எதுக்குங்க திரும்புனா? என்ற மூஞ்சியப் பாத்ததும் கோவம் வந்துருச்சா? இல்ல, பாவமா இருந்துச்சா?"

சென்னியப்பனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஒன்பது மாதத்தில் அவள் கன்னம் ஒட்டியிருந்தது. ஏதாவது சொல்லியாக வேண்டும் போல் இருந்தது.

"கடைசி பஸ்ஸுக்கு நேரமாயிருக்கும் புள்ள" என்றார் மெதுவாக. "மறுக்கா வரலாம்னு நெனச்சிருப்பா. உன்மேல அவளுக்கு..."

அவள் கையை நீட்டி அவர் வாயைப் பொத்தினாள். ஆறு வருடத்துக்குப் பிறகு அவரை அவள் தொடுவது அதுதான் முதல் தடவை.

"வேண்டாமுங்க" என்றாள். "நீங்களும் நிரப்பாதீங்க."